கத்திக்கு என்ன விலை வைப்பது? சுங்கை காடுட் பட்டறையிலிருந்து

இங்கே சிங்கப்பூரில் என் முதல் கத்தியை 90 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்றேன். வாங்கியவர் கப்பல் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவர். பெட்டி எதுவும் கிடையாது. நாளிதழில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். அன்று இரவு என் மனைவி சாமான் வாங்கிய ரசீதின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டாள். எஃகு, மரம், பசை, எஃகைத் தேய்க்கும் கிரைண்டரின் பெல்ட் எல்லாம் சேர்த்து 50 வெள்ளி. வேலை நேரம் 14 மணி. "மணிக்கு மூணு வெள்ளிகூட வரலீங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ரசீது இன்னும் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அச்சடித்த பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது. அவள் பேனாவால் எழுதியது அப்படியே இருக்கிறது.

இப்போது சுங்கை காடுட்டில் நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் ஓர் இடத்தில் மாதம் எட்டுக் கத்தி செய்கிறேன். எல்லாம் சமையல் கத்திதான். புதிதாகத் தொடங்கும் தம்பிகள் சிலர் கத்தியோடு வந்து, "அண்ணே, இதுக்கு என்ன விலை வைக்கலாம்?" என்று கேட்கிறார்கள். நான் கத்தியைக் கையில் வாங்குவதற்கு முன் கேட்பது, "எத்தனை மணி நேரம் ஆச்சு?" பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தெரிவதில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் கடிகாரம்

அடுத்த மூன்று கத்திகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தை எழுதுங்கள். கிரைண்டர் ஓடும் நேரம் மட்டும் போதாது. எல்லாரும் விட்டுவிடுவது வாட்ஸ்அப் நேரத்தை. "பிடி கொஞ்சம் கறுப்பா இருக்குமா?" என்று ஒருவர் கேட்பார். நான் மூன்று மரத்துண்டுகளைத் தண்ணீரில் நனைத்து, படம் எடுத்து அனுப்பி, பதிலுக்குக் காத்திருப்பேன். அதுவும் வேலைதான்.

என் 170 மில்லிமீட்டர் சந்தோக்குக் கத்தியின் (ஜப்பானிய வடிவச் சமையல் கத்தி) கணக்கைத் திறந்தே சொல்கிறேன். உருவம் வெட்டித் துளை போட 45 நிமிடம். எஃகைச் சூடாக்கித் தோய்த்துப் பதம் வைப்பதை ஒரே நாளில் எட்டு அலகுக்குச் சேர்த்துச் செய்வதால் கத்திக்கு அரை மணி. அலகைக் கிரைண்டரில் மெலிதாக இறக்க இரண்டு மணி. உப்புத்தாள் போட இரண்டு மணி. பிடிக்கு இரண்டு மணி. கூர் தீட்டி முத்திரை போட 45 நிமிடம். படம், பேச்சு, பொட்டலம் எல்லாம் ஒரு மணி. ஆக மொத்தம் ஒன்பது மணி.

பொருள் செலவு: எஃகு 20 வெள்ளி, மரம் 24, பசையும் ஆணியும் 5, பெல்ட்டும் உப்புத்தாளும் 16, பெட்டி, அட்டை, எண்ணெய் எல்லாம் 11. கூட்டினால் 76. எஃகின் 20 வெள்ளியில் கப்பல் கூலியும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் அடக்கம். ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டாதவரை நாம் அந்த வரிக்குப் பதிய வேண்டியதில்லை. ஆனால் பதியாதவர் வாடிக்கையாளரிடம் அதை வசூலிக்கக் கூடாது, தான் கட்டியதைத் திரும்பக் கேட்கவும் முடியாது. ஆகவே அது சுத்தமான செலவு.

பட்டறை வாடகையில் என் பங்கு, மின்சாரத்தோடு சேர்த்து மாதம் 480. எட்டுக் கத்திக்குப் பிரித்தால் தலைக்கு 60. "நான் வீட்டிலேயே செய்கிறேன், வாடகை இல்லை" என்று ஒரு தம்பி சொன்னார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தொழிலுக்காகக் கிரைண்டர் மாதிரி சத்தம் போடும் இயந்திரம் ஓட்ட அனுமதி கிடையாது. நானே தொடக்கத்தில் சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் மேல்வீட்டு ஆண்ட்டி இறங்கி வந்துவிட்டார். இன்று இல்லாத வாடகையை இன்றைய விலையிலேயே சேர்த்து வையுங்கள். நாளை இடம் எடுக்கும்போது ஒரே தாவலாக 60 வெள்ளி ஏற்றினால் வாங்குபவர் திகைத்துப்போவார்.

இதுவரை 136. என் உழைப்புக்கு மணிக்கு 25 வெள்ளி வீதம் 225. மொத்தம் 361. அந்த 25-உம் முழுக்கக் கைக்கு வராது. சொந்தத் தொழில் செய்பவரின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்குக் கட்ட வேண்டும். நாம் விடுப்பு எடுத்தால் சம்பளம் தரவும் யாரும் இல்லை.

அப்புறம், கெட்டுப்போகும் கத்திகள். 52100 என்ற எஃகை ஏறக்குறைய 845 டிகிரிக்குச் சூடாக்கி எண்ணெயில் தோய்க்கும்போது காது முழுக்க உலைப்பக்கமே இருக்கும். எண்ணெய் சீறும், புகை வரும், அது வழக்கம். சில நாள் அந்தச் சீற்றத்துக்குள் "டிங்" என்று ஒரு சத்தம் கேட்கும், சின்னக் கோயில் மணியை நகத்தால் சுண்டினால் வருவது போல. அவ்வளவுதான், கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், விரிசல். அதுவரை போட்ட உழைப்பும் எஃகும் குப்பை. பன்னிரண்டில் ஒன்று எனக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இப்படிப் போகிறது. அதற்காக 10 விழுக்காடு, 36 வெள்ளி சேர்க்கிறேன். ஆச்சு 397. மீதி பட்டறைக்கு: மோட்டார் எரிந்தால் மாற்ற, கடன் அட்டையில் பணம் கட்டுபவர்களால் போகும் கட்டணத்தை ஈடுகட்ட.

விலை 428. ஏன் 425 இல்லை என்றால் அதற்கொரு கதை உண்டு. ஒரு முறை காய்கறி வெட்டும் சீனக் கத்தி ஒன்றுக்கு 444 வைத்தேன். மூன்று நாலு வரிசையாக வந்தால் பார்க்க நன்றாக இருக்கிறது என்று என் தமிழ் மூளை நினைத்தது. வாங்க வந்தவர் சிரித்துவிட்டார். "பாஸ், இது என் மாமியாருக்கு. நாலு நாலு நாலுன்னு ரசீது கொடுத்தா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க." சீன மொழியில் நான்கின் ஒலி சாவை நினைவுபடுத்தும், எட்டு செழிப்பை. ஒரு நாலு இருந்தாலும் கடைசியில் 28 வந்தால் மன்னித்துவிடுகிறார்கள்.

யாருக்குச் செய்கிறோம்

இந்தக் கணக்கு முடிந்ததும் வயிறு கலங்கும். "428 கொடுத்து யார் வாங்குவார்?" தாய்லாந்தின் கிவி கத்தி சில வெள்ளிக்குக் கிடைக்கிறது, நன்றாகவும் வெட்டுகிறது. என் வீட்டிலேயே இரண்டு இருக்கின்றன. அதற்கு மேலே போனால் ஜப்பானியக் கத்திகள். அங்கே சக்காய், செக்கி என்ற ஊர்களில் தலைமுறைகளாகக் கத்தியே தொழிலாக இருப்பவர்களோடு விலையில் மோதி நாம் ஜெயிக்கப்போவதில்லை.

தொடக்கத்தில் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வெட்டும் அண்ணன் ஒருவரிடம் என் கத்தியை ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தேன். அவர் பெயரைச் சொல்லி விற்கலாம் என்று ஆசை. ஒரு வாரம் கழித்துப் போனால் கத்தியைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். "தம்பி, கத்தி அருமையா இருக்கு. ஆனா நான் தலையை வெட்டணும், முள்ளை வெட்டணும், சாயந்தரம் கல்லுல நாலு இழுப்பு இழுக்கணும். இது பொண்ணுக்குப் பட்டுச்சேலை கட்டி மீன் கழுவச் சொன்ன மாதிரி இருக்கு." எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் யாருக்குச் செய்யக் கூடாது என்று அன்றே தெரிந்ததால் மிச்சமான பணம் அதிகம்.

என்னிடம் வாங்குபவர்கள் மூன்று வகை. சமையலை ஆசையாகச் செய்கிற, முப்பது நாற்பது வயது வீட்டுக்காரர்கள். திருமணத்துக்கோ புதுவீட்டுக்கோ பரிசு தேடுபவர்கள். அப்புறம் உணவகங்களில் வேலை செய்யும் இளம் சமையல்காரர்கள். இவர்கள் குறைவு, ஆனால் கத்தியைப் பற்றிப் பேசுபவர்கள் இவர்கள்தான். யாருக்குச் செய்கிறோம் என்று தெரிந்த பிறகு எஃகு, பிடி, பெட்டி, படம் எல்லாவற்றையும் முடிவு செய்வது எளிது.

உதாரணமாக எஃகு. 52100 எனக்கு மிகவும் பிடிக்கும், கல்லில் வெண்ணெய் போல் தீட்டலாம். ஆனால் இந்த ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். ஒரு வாடிக்கையாளர் எலுமிச்சை வெட்டிவிட்டுக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனார். காலையில் ஆரஞ்சு நிறத் துருவோடு கத்தியின் படம் அனுப்பினார், கூடவே "இது என்ன தரம்?" என்று ஒரு வரி. தப்பு அவருடையது என்று வாதாடலாம். ஆனால் அந்தப் படத்தை அவர் பத்துப் பேருக்குக் காட்டியிருப்பார், முத்திரை என்னுடையது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் காட்டுவது ஏஇபி-எல். ஸ்வீடனில் சவர அலகுக்காக உருவாக்கிய, எளிதில் துருப்பிடிக்காத எஃகு. அதன் கடினத்தை ராக்வெல் அளவில் 61 வரை கொண்டுபோகிறேன். 52100 கேட்டு வருபவரிடம், தினமும் துடைத்து வைப்பீர்களா என்று ஒரு கேள்வி. தயங்கினால் விற்பதில்லை.

இன்னொரு கேள்வியும் கட்டாயம்: "எலும்பு வெட்டுவீங்களா?" நண்டும் கோழியும் வெட்டாத வீடு இங்கே குறைவு. மெலிதான வாய் எலும்பில் பட்டால் பல் பல்லாக உடையும். வெட்டுவோம் என்றால், அதற்கு 20 வெள்ளியில் கனமான கத்தி ஒன்று தனியாக வாங்குங்கள் என்று நானே கடையும் சொல்லி அனுப்புவேன்.

தேர்வுகளைக் குறையுங்கள். "உங்கள் விருப்பப்படி எல்லாம்" என்று எழுதியிருந்த காலத்தில் ஒருவர் பிடி மரத்தை நான்கு முறை மாற்றினார். இப்போது மூன்று வடிவம், இரண்டு பிடி, மூன்று மரம். அதில் ஒன்று தூங்குமூஞ்சி மரம். இந்த ஊர்ச் சாலையோரம் எங்கும் நிற்பது என்பதால் பரிசு வாங்குபவர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். ரோஸ்வுட் வைப்பதில்லை. அந்த வகை மரங்கள் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன, ஒரு பிடிக்காக அனுமதித் தாள்களோடு அல்லாட எனக்குப் பொறுமையில்லை.

குத்துவாள், மடக்குக் கத்தி கேட்டு வருபவர்களுக்கும் இல்லை என்றுதான் பதில். 2025 ஜூலை முதல் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கான புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சமையலறையைத் தாண்டிய எதையும் செய்யும் எண்ணம் இருந்தால் முதலில் காவல்துறையின் உரிமப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். சமையல் கத்தியைக்கூட நான் எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகும்போது பெட்டியில் வைத்து ஒட்டி, ரசீதோடுதான் போவேன்.

பெயரும் முத்திரையும்

என் முதல் முத்திரையில் குறுக்காக இரண்டு வாள், நடுவில் புலி, கீழே வளைவாக என் முழுப்பெயர். அலகில் பாதியை அடைத்துக்கொண்டது. தங்கச்சி பார்த்துவிட்டு, "என்ன அண்ணா, லாரிக்குப் பின்னாடி ஒட்டுறதா?" என்றாள்.

பெயர் தேடும்போது வீரமான வடமொழிச் சொற்கள்தான் முதலில் வரும். அவற்றை உங்கள் சீன நண்பரிடமும் மலாய் நண்பரிடமும் ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாத பெயரை இன்னொருவருக்குப் பரிந்துரைக்க மாட்டார்கள், "அந்த இண்டியன் கத்திக்காரர்" என்பதோடு நின்றுவிடும். ழகரம் எனக்கு உயிர், ஆனால் அதைக் கத்தியில் போடாதீர்கள். நான் எடுத்தது இரண்டு அசைத் தமிழ்ச் சொல். அதை இங்கே சொன்னால் விளம்பரமாகிவிடும்.

தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் தனியுரிமைத் தொழிலாகப் பதிய ஓராண்டுக்கு 115 வெள்ளி. அங்கே பதிந்ததால் பெயர் உங்களுடைய வணிகச் சின்னம் ஆகிவிடாது. அதற்கு அறிவுசார் சொத்து அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால் பத்து ஆண்டு, பிறகு புதுப்பிக்கலாம். முதல் ஆண்டிலேயே அதற்கு ஓட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் அவர்களுடைய பட்டியலில் அதே பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கக் காசு ஆகாது. முத்திரை செய்யும் முன் அதைச் செய்துவிடுங்கள்.

முத்திரையை உப்புநீரும் மின்சாரமும் வைத்து அரித்துப் பதிக்கிறேன். நேர்மின்சாரம் ஆழமாகக் குழிக்கும், மாறுமின்சாரம் கறுப்பாக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் பளிச்சென்று நிற்கும். அளவு ஒரு செண்டிமீட்டர். இடப்பக்கம், பிடியை ஒட்டி. வலது கையில் கத்தியைப் பிடித்து வெட்டுபவரின் கண்ணில் படுவது அந்தப் பக்கம்தான்.

கதை சொல்லி விற்பதில் ஒரு ஆசை வரும், எனக்கும் வந்தது. கொடுமணல் அகழாய்வில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. உலகம் கொண்டாடிய ஊட்ஸ் எஃகின் பெயரே 'உருக்கு', 'உக்கு' என்ற நம் சொற்களிலிருந்து போனது என்பார்கள். அதை அட்டையில் அச்சடித்தால் 100 வெள்ளி கூட வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். என் எஃகு ஸ்வீடனின் வழிவந்தது, கிரைண்டர் தாய்வானில் செய்தது. அட்டையில் எஃகின் பெயர், கடினம், நீளம், எடை, மரம், செய்த மாதம், இவை மட்டும் இருக்கின்றன. விலைக்கு வாங்கிய டமாஸ்கஸ் (அலை அலையாக வரி தெரியும் எஃகு) பாளத்தில் கத்தி செய்தால், பாளம் வாங்கியது என்று எழுதிவிடுங்கள். ஒரு நாள் தெரியாமல் போகாது.

படத்துக்கு வாழையிலை, கரி, தோல் எதுவும் வேண்டாம். காலை எட்டரைக்கு எங்கள் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வரும் வெளிச்சம் போதும். ஒரு படம் கட்டாயம் பிடிக்குப் பின்னாலிருந்து அலகின் குறுக்குவெட்டு தெரியும்படி இருக்கட்டும், முதுகிலிருந்து வாய் வரை எப்படி மெலிகிறது என்று தெரிய வேண்டும். விவரம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

வாக்குறுதிக்கும் விலை உண்டு. முதல் 40 பேருக்கு "ஆயுள் முழுக்க இலவசமாகத் தீட்டித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதன் பலனைச் சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரம் வந்து பாருங்கள். பட்டறை வாசலில் வரிசையாகப் பொட்டலங்கள், பாதி வாய் உடைந்தவை. கொடுத்த வாக்கை மாற்றவில்லை, செய்து கொடுக்கிறேன். 41-ஆவது ஆளிலிருந்து முதல் ஆண்டு ஒரு முறை இலவசம், அப்புறம் 15 வெள்ளி. குறைபாட்டைப் பொறுத்தவரை, வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்றபோதே இருந்தது என்றுதான் இங்குள்ள சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் பிடி விரிந்தால் வாதாடாமல் மாற்றிவிடுவேன். மேலே சொன்ன 36 வெள்ளி அதற்கும் சேர்த்துத்தான்.

கடை, பேரம், சொந்தக்காரர்

ஒரு கடைக்காரர் என் கத்தியை வைத்து விற்கிறேன், 30 விழுக்காடு கொடுங்கள் என்றார். பெருமையாகத் தலையாட்டிவிட்டேன். 428-இல் 30 விழுக்காடு போனால் கைக்கு வருவது 300-கூட இல்லை. எனக்கு ஆன செலவே 361. நான்கு கத்தி விற்ற பிறகுதான் உறைத்தது. இப்போது கடைக்கென்று பழம் நறுக்கும் சின்னக் கத்தி ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். பத்துப் பத்தாகச் செய்வது, உப்புத்தாள் வேலை இல்லாமல் பெல்ட் தேய்ப்போடு விடுவது, கடைக்காரரின் பங்கையும் சேர்த்தே விலை போட்டது. அதே கத்தியை நான் நேரில் விற்றாலும் கடை விலைதான். பின்வாசல் வழியாகக் குறைத்துக் கொடுத்தால் கடைக்காரர் அடுத்த முறை தொலைபேசியை எடுக்க மாட்டார்.

கீறல் விழுந்த கத்தியை முத்திரை இல்லாமல் 120-க்கு விற்றுப் பார்த்தேன். சில மாதத்தில் ஒருவர் வந்து, "உங்க கத்தி 120-க்குக் கிடைக்குதாமே?" என்றார். இப்போது அப்படிப்பட்டவை என் வீட்டுச் சமையலறைக்குப் போகின்றன. என் மனைவியிடம் ஏழு சந்தோக்கு இருக்கிறது.

"கொஞ்சம் குறைங்க பாஸ்" என்று கேட்காத ஆள் இந்த ஊரில் கிடையாது. கோபப்படாதீர்கள், அது ஒரு வகை வணக்கம். விலையைத் தொடாமல் ஒரு சின்னப் பாட்டில் எண்ணெயோ அலகுக்கு ஓர் உறையோ சேர்த்துக் கொடுப்பேன். முன்பணம் 30 விழுக்காடு, பேநவ் என்ற கைப்பேசிப் பணமாற்று வழியாக. முழுப் பணத்தையும் முன்னால் வாங்குவதில்லை. செலவழித்துவிட்ட பணத்துக்கு வேலை செய்வது போல் கை கனக்கும் வேலை வேறில்லை. மூன்று மாதத்துக்கு மேல் வரிசை போனால் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவேன்.

விலையை ஜனவரியில் மட்டும் ஏற்றுகிறேன், அக்டோபரிலேயே சொல்லிவிட்டு. ஏற்கெனவே வரிசையில் இருப்பவருக்குப் பழைய விலை. 280, 360, 428 என்று வந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் போவார்கள், பேரம் பேசும் செய்திகளும் பாதியாகும்.

சொந்தக்காரர்களுக்கு என்னிடம் இரண்டே விலை: முழு விலை, அல்லது சும்மா. பாதி விலைக்குக் கொடுத்தால் நமக்கும் நஷ்டம், அவர்களுக்கும் ஏதோ கொடுத்து வாங்கினோம் என்ற மிதப்பு. என் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணத்தன்று ஒரு கத்தியைப் பரிசாகக் கொடுத்தேன். கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மேசைமேல் வைத்தேன். அவர் எடுப்பதற்கு முன் சட்டைப் பையைத் துழாவி ஒரு பத்துக் காசை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறுந்துபோகும், காசு வைத்தால் அது வாங்கியதாக ஆகிவிடும் என்று பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா சொல்லிக் கொடுத்ததாம்.

அதிலிருந்து பரிசுக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியிலும், பெறுபவர் ஒரு காசு கொடுத்து வாங்கிக்கொள்ளவும் என்று ஒரு சின்னச் சீட்டு வைக்கிறேன். சிலர் அந்தக் காசை எனக்கே அனுப்பிவிடுகிறார்கள். பட்டறையில் ஒரு மைலோ டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் எண்ணினேன், 11 வெள்ளி 40 காசு. நோட்டுப் புத்தகத்தில் ஏற்றவில்லை.